உறங்கத் தெரிந்த மரம்

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது முன்னோர் மொழி. தண்ணீர் மட்டும் போதாது, சில மரங்களை உறங்கவும் வைக்க வேண்டும் என்பதை மாதாப்பூருக்கு வந்த பின்னரே நாம் அறிந்தோம்.

1998இல் சைபர் டவர்ஸ் எழுந்தபின் மாதாப்பூரின் முகமே மாறிற்று. துர்கம் ஏரியைச் சூழ்ந்த கருங்கற் பாறைகளுக்கிடையே கண்ணாடி மாளிகைகள் நிமிர்ந்தன. அங்கே பழைய தெருவொன்றில் நாம் குடியிருக்கும் வாடகை வீட்டின் கொல்லையில் சிறிது மண் எஞ்சியிருந்தது. அன்னையார் மறைந்தபின் தஞ்சைச் சிற்றூரிலிருந்து நாம் அழைத்து வந்த தந்தையாருக்கு அம்மண்ணே துணையாயிற்று. எனினும் மாதந்தோறும், "எனக்கு எப்போதப்பா டிக்கெட் எடுக்கப் போகிறாய்?" என்று கேட்பார். மறுமொழி கூறாது நழுவுவோம்.

அவரை இருத்திக்கொள்ளும் சூழ்ச்சியாகவே இரண்டு ஆப்பிள் கன்றுகளை வாங்கி வந்தோம். "குளிர்நாட்டுப் பிள்ளையை இந்த வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாயே!" என்றார்.

அவர் கூற்றில் நியாயம் இருந்தது. வழக்கமான ஆப்பிள் வகைகளுக்கு 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் ஏறத்தாழ 1,000 மணி நேரம் வேண்டும். அக்குளிரில் உறங்கி எழுந்தாலன்றி மொட்டுகள் செவ்வனே அவிழா. நாம் வாங்கியதோ 'ஹரிமன் 99' என்னும் வெப்பந்தாங்கும் வகை. இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த உழவர் ஹரிமன் சர்மா, கொல்லையில் எறிந்த விதையிலிருந்து முளைத்த கன்றைப் பேணி உருவாக்கியது அது. அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தெலங்கானாவின் ஆசிபாபாத் மாவட்டத்திலும் 2020இல் ஆப்பிள் காய்த்தது என்று சொன்னதும் தந்தையார் கடப்பாரையைக் கையில் எடுத்தார்.

மூன்றடிக் குழியில் கல்லை அகற்றிச் செம்மண்ணும் தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் நிரப்பினார். நீர் தேங்கினால் வேர் அழுகுமென்று மேடாக்கினார். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தவற்றைக் கிள்ளினார். சித்திரை வெயிலுக்கு வைக்கோல் மூடாக்கிட்டுப் பழைய வேட்டியால் பந்தலும் அமைத்தார்.

முதல் குளிர்காலம் கழிந்தது. மரங்கள் பசுமையாகவே நின்றன, பூ ஒன்றுமில்லை. குளிர் போதாத ஊரில் மார்கழியில் நீரைக் குறைத்து, இலைகளைக் கையால் உருவிவிட வேண்டும் என்று நாற்றுப் பண்ணையார் கூறினார். பச்சிலையைப் பறிக்க நமக்கு மனம் வரவில்லை. "ஊரில் மல்லிகைக்குச் செய்வதில்லையா?" என்று தந்தையாரே அடுத்த மார்கழியில் ஒவ்வோர் இலையாக உருவினார். மொட்டைக் கிளைகளைக் காண நெஞ்சு பதைத்தது. மாசியில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள் விரிந்தன. ஆனியில் ஏழு கனிகள் கிடைத்தன. உருவில் சிறியவை, புளிப்பு கலந்த இனிப்பு.

அன்று அவர் டிக்கெட் கேட்கவில்லை. கேட்காததே நம்மை உறுத்திற்று. ஆண்டு முழுவதும் மரத்தைப் பசுமையாகவே வைத்திருக்க எண்ணிய அதே பிழையை அவரிடமும் செய்தோமோ? வேளைக்கு உணவும் மருந்தும் தந்தோம். அவருக்குரிய திண்ணையையும், தமிழ் பேசும் அண்டை அயலாரையும் மறுத்துவிட்டோம். பிடித்துவைப்பதே பேணுதல் என்று எண்ணிவிட்டோம். மறுவாரமே சார்மினார் விரைவு வண்டியில் நாமே உடன் சென்று ஊரில் விட்டு வந்தோம்.

இப்போது அவர் ஆண்டுதோறும் மார்கழியில் வருகிறார்; பங்குனியில் திரும்புகிறார். கார்த்திகை பிறந்ததும் தொலைபேசி ஒலிக்கும்.

"தண்ணீரைக் குறைத்துவிடு. இலையில் மட்டும் கை வைக்காதே. நான் வந்துதான் உருவ வேண்டும்."