விசைப்பலகையில் இல்லாத குறி

கணக்கைவிடக் கணக்குக் குறிகள் மீதுதான் எனக்கு ஆசை அதிகம். எட்டாம் வகுப்பில் சிஸ்டர் கரும்பலகையில் ≤ என்று எழுதி, "சிறியது அல்லது சமம்" என்று விளக்கியபோது, மூன்று சொற்கள் ஒரு சிறு குறிக்குள் அடங்கிவிட்டனவே என்று வியந்தேன். சமக்குறியை 1557-ஆம் ஆண்டு தம் நூலில் முதன்முதலில் வழங்கியவர் வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்டு. இரு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்பது அவர் கருத்து.

கணினி வகுப்பில் எனக்கு ஏமாற்றமே காத்திருந்தது. அங்கே ≤ இல்லை; <= என்று இரண்டு விசைகளைத் தட்ட வேண்டும். பெருக்கல் குறிக்குப் பதில் நட்சத்திரம்! 1963-இல் வகுக்கப்பட்ட 'ஆஸ்கி' என்ற எழுத்துப் பட்டியலில் இருந்தவை 128 இடங்களே. கணக்குக் குறிகள் பலவற்றுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. கென்னத் ஐவர்சன் என்ற அறிஞர் 1962-இல் வெளியிட்ட குறிமுறையிலிருந்து பிறந்த 'ஏ.பி.எல்.' மொழியில் விதவிதமான குறிகள் இருந்தன. ஆனால் அவற்றை அச்சிடத் தட்டச்சுப் பொறியில் தனி எழுத்துருண்டை பொருத்த வேண்டியிருந்தது.

1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது. ஒவ்வொரு குறிக்கும் தனி எண் கிடைத்தது. இன்று 'ஜூலியா' என்னும் கணினி மொழியில் ≤, ≠, ∈, √ ஆகியவற்றை நோட்டில் எழுதுவது போலவே எழுதலாம். இதை அறிந்த அன்று எனக்கு உறக்கமே வரவில்லை!

பள்ளிக் கண்காட்சிக்காக நானும் என் தோழியும் பகா எண்களைக் காட்டும் நிரல் ஒன்றைச் செய்தோம். எழுதியவள் நான், விளக்குபவள் அவள். 50-க்கு மிகாத எண்களை மட்டும் காட்ட, நான் பெருமையுடன் ≤ குறியையே இட்டிருந்தேன். நான் சாப்பிடச் சென்றிருந்த வேளையில் வந்த விருந்தினர் ஒருவர், "50-உம் அதற்கு மேற்பட்டவையும் காட்டு, அம்மா" என்றாராம். ≤ குறியை ≥ என்று மாற்றினால் போதும். பாவம், அவள் விசைப்பலகை முழுவதும் தேடினாள். அந்தக் குறி எங்கே இருக்கும்? சற்று நேரம் காத்திருந்த விருந்தினர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நான் திரும்பியபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. ">= என்று தட்டினாலும் அதே பொருள்தானே" என்றேன். "அதை முன்பே சொல்லக்கூடாதா? உன் குறிதான் செல்லும் என்று பயந்துவிட்டேன்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. பின்சாய்வுக் கோடு, பிறகு ஜி, ஈ என்ற இரு ஆங்கில எழுத்துகள், அதன்பின் 'டாப்' விசை. இவற்றைத் தட்டினால் ≥ வந்துவிடும். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

தோழிகளே, இன்றும் நான் ≤ என்றே எழுதுகிறேன். படிப்பவர் கண்ணுக்கு அதுவே தெளிவு. ஆனால் என் நிரலின் முதல் வரியில் ஒவ்வொரு குறியையும் தட்டும் வழியை எழுதிவிடுகிறேன். நான் அறிந்த குறி என் தோழியின் விரலுக்கும் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அது வெறும் அலங்காரமே. அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு தாளில் என் பெயர், சமக்குறி, தன் பெயர் என்று எழுதி நீட்டினாள். அந்தத் தாள் இன்றும் என் கணக்கு நோட்டில் பத்திரமாக இருக்கிறது.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி