புது எஞ்சினும் பழைய பிஸ்டனும்

சென்ற மாதம் நம் தமக்கையின் மகன் சென்னையிலிருந்து புது மோட்டார் ஒன்றில் இடைசெவலுக்கு வந்து சேர்ந்தான். பி. எம். டபிள்யூ. எம் 2 என்று பெயர். விரட்டுவதற்கென்றே பிறந்த வண்டி. தரையோடு தரையாகப் படுத்திருந்த அதை நம் அண்டை வீட்டுப் பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பணம் கொடுத்தவன் சக்கரத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கேட்டு வாங்கியிருக்கலாமே!" என்று அனுதாபப்பட்டார்.

அடுத்த ஞாயிறன்று இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் வண்டியை ஓட்டிப் பார்ப்பதாக மருமகன் ஏற்பாடு செய்திருந்தான். முன்பெல்லாம் சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்த காலத்து விமான ஓடுதளத்தில்தான் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் தனித் தளமே அமைந்துவிட்டது.

"வண்டி இதுவரை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது?" என்று கேட்டோம்.

"700 கிலோமீட்டர், மாமா."

கையேட்டை வாங்கிப் புரட்டினோம். உபாத்தியாயர் உத்தியோகத்தின் தோஷம். புத்தகம் கையில் இல்லாமல் பேச வராது. முதல் 2,000 கிலோமீட்டர் வரையில் எஞ்சின் நிமிஷத்துக்கு 5,500 சுற்றுக்களைத் தாண்டலாகாது, அது முடிந்ததும் ஒரு பரிசோதனை என்று அச்சிட்டிருந்தது.

"அதெல்லாம் பழைய காலத்துப் பயம், மாமா. இப்போது தொழிற்சாலையிலேயே பக்குவமாகச் செய்து அனுப்பிவிடுகிறார்கள்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. இக்காலத்து எஞ்சின்களின் நுட்பம் பெரிதுதான். ஆனாலும் புது உருளையின் உட்சுவர் கண்ணாடி போன்றதன்று. எண்ணெய் தங்குவதற்காக அதில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் போட்டிருக்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அந்தச் சுவரோடு உராய்ந்து, மேடுகளைத் தேய்த்து, தமக்குரிய இடத்தைத் தாமே செய்துகொள்ள வேண்டும். ஆரம்பத்திலேயே விரட்டினால் சூடு மிஞ்சி, எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தைக் கடிக்கும். அதற்காகக் கட்டை வண்டிபோல் ஊர்ந்துகொண்டே இருந்தாலும் பிசகுதான். வளையங்களைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயு; அந்த அழுத்தம் போதாவிட்டால் சுவரில் எண்ணெய் கருகிப் பளபளப்பேறிவிடும். பிற்பாடு அந்த எஞ்சின் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே வேகத்தை ஏற்றியும் இறக்கியும், மிதமாக ஓட்டிப் பழக்க வேண்டும். புது டயருக்கும் பிரேக்குக்குங்கூடச் சில நூறு கிலோமீட்டர் பழக்கம் தேவை.

மருமகன் கொட்டாவி விட்டான். நம் மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கும் பழைய பிஸ்டனை எடுத்து அவன் கையில் கொடுத்தோம். ஒரு பக்கம் முழுவதும் நகத்தால் பிறாண்டியதுபோல் கோடுகள்.

1994ஆம் வருஷம். தோட்டத்துக் கிணற்றுக்கு மின்சாரம் வரவில்லை. அப்பா கடன் வாங்கி ஒரு ஆயில் எஞ்சின் பூட்டினார். பத்து நாளைக்குப் பாதி வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று மெக்கானிக் சொல்லிப் போனார். மூன்றாம் நாள் அப்பா வெளியூர் போயிருந்தார். நமக்குக் கோவில்பட்டியில் சினிமா பார்க்க அவசரம். சீக்கிரம் பாய்ந்து முடியட்டுமென்று முழு வேகத்தில் விட்டோம். அலுமினியப் பிஸ்டன் இரும்பு உருளையைக் காட்டிலும் அதிகமாக விரியும் என்பதை நாம் பாடத்தில் படித்தது பின்னால்தான். ஒரு மணி நேரத்தில் 'கிரீச்' என்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றது.

பழுது பார்த்து மறுபடி தண்ணீர் இறைக்க மூன்று வாரமாயிற்று. சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. பூவும் பிஞ்சுமாயிருந்த மிளகாய்ச் செடிகள் சருகாயின. அந்த மிளகாயை நம்பித்தான் அக்காள் கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள். கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. எஞ்சினே கோளாறானது என்று நாம் சொன்ன பொய்யை அப்பா கடைசி வரை நம்பினார். அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

மருமகன் பிஸ்டனின் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தான். "அம்மாவுக்குத் தெரியுமா, மாமா?"

"தெரியாது."

அவன் வெளியே போய் டெலிபோனில் பேசி, ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டு வந்தான்.

அதன்பின் நான்கு நாள், விடியற்காலையில் இருவருமாகக் கழுகுமலைக்கும் எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் போய் வந்தோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் வயிறு உராயும்போது அவன் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. ஐந்தாம் நாள் ஊருக்குக் கிளம்புகையில், "அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான்.

நேரில் சொல்ல நமக்குத் தைரியமில்லை. அக்காள் இந்தப் பத்திரிகையை வாரந்தவறாமல் வாசிப்பவள்.