மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்



சென்ற மாதம் ஒரு சகோதரி தம் பாட்டனாரின் ஞானஸ்நான நாளை அறிய என்னிடம் வந்தார். நம் ஆலயத்தின் பழைய பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழைக்கு அஞ்சி, நானே அதை ஷ்ரிங்க் ராப் செய்வித்திருந்தேன். தண்ணீர்ப் பாட்டில்களைக் கட்டாகச் சுற்றி வருமே, அந்த உறைதான். சூடு பட்டதும் சுருங்கிப் பொருளை இறுகப் பற்றிக்கொள்ளும். உறையைக் கத்தரித்தபோது பூஞ்சை வாடை எழுந்தது. பல தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அவர் தேடிய ஆண்டும் அவற்றுள் இருந்தது.

தவறு என்னுடையது. ஈரமேறிய புத்தகத்தை உலரவிடாமல் மூடினேன். தூசியையும் பூச்சியையும் தடுக்கும் உறை, உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. நன்கு உலர்ந்த ஏட்டையே, தாங்கும் அட்டையோடு, நெரிக்காமல் பாலிஎத்திலீன் உறையில் இட வேண்டுமாம். பி.வி.சி. ஆகாது, அது நாளடைவில் அமிலம் கக்கித் தாளைத் தின்னும். இவற்றையெல்லாம் பிறகுதான் கற்றேன்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவேயுள்ள திருவரங்கத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆயினும் அங்குள்ள பெரியோர் ஓலைச்சுவடிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். மரச்சட்டங்களுக்கிடையே கயிற்றால் கட்டி, துணியில் பொதிந்து வைப்பது நம் நாட்டு வழக்கம். துணிக்குள் காற்று புகும். பதினான்காம் நூற்றாண்டில் டெல்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, வேதாந்த தேசிகர் சுருதப்பிரகாசிகைச் சுவடியைக் காக்கப் பிணங்களுக்கிடையே மறைந்து கிடந்தார் என்பது வைணவ மரபு. பிற சமயத்தாரின் கதை என்று கடந்துவிடாதீர்கள். அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது.

எரேமியா 32-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசியோ காவற்சாலையின் முற்றத்தில். அந்நிலையில் ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இரண்டு எதற்கு என்று நான் முன்பு கேட்டதேயில்லை. காக்க ஒன்று, பார்க்க ஒன்று!

எஞ்சிய தாள்களை நம் வாலிபர்கள் படமெடுத்து முடித்தார்கள். இனி எவரும் அந்தப் படங்களையே பார்க்கலாம். மூலப்பதிவேடு பருத்தித் துணியில் இருக்கும். ஒட்டிய தாள்களைப் பிரிப்பதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். அந்தப் பாட்டனாரின் பெயர் கிடைக்கும் என்று அவர் உறுதி தரவில்லை. சகோதரி காத்திருக்கிறார்.

உங்கள் இல்லங்களில் பழைய ஞானஸ்நானச் சான்றோ, குடும்ப வேதாகமத்தின் முதற்பக்கத்தில் எழுதிய பெயர்களோ இருந்தால், ஞாயிறு ஆராதனைக்குப் பின் படமெடுக்கக் கொண்டுவாருங்கள். ஈரமாயிருந்தால் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள்.