சக்கரம் தரையில் நிற்கும்போது

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஆம்னி வண்டியின் சிறு பழுதுகளை அண்ணன் தம்பி நாங்கள் இருவருமே பார்த்துக்கொள்வது வழக்கம். சென்ற ஷஅபான் மாதத்தில் முன்சக்கர லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கக் கண்டு, புதியதை லேத் பட்டறையில் அழுத்தி வாங்கி வந்து மாற்றினோம். வண்டி ஸ்டாண்டின்மேல் நிற்க, சக்கரம் அந்தரத்தில் தொங்க, போல்ட்டை முழுப் பலத்தோடு முறுக்கினோம். திண்ணையிலிருந்த அத்தா, "நல்லா இறுக்கினீங்களாப்பா?" என்று கேட்டார். "இறுக்கிட்டோம் அத்தா" என்றோம். அது பொய்யன்று.

பெருநாள் கழிந்து, பெரியம்மாவை மருத்துவத்திற்காக வேலூருக்கு அழைத்துச் சென்றோம். வேகத்தடை தோறும் ‘டக் டக்’ என்ற ஓசை. நெடுஞ்சாலையில் பிரேக்கை அழுத்தியதும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பின்னிருக்கையில் பெரியம்மாவும் இரு பிள்ளைகளும். மெல்ல ஊர்ந்து வீடு சேர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

கழற்றிப் பார்த்தால் புதிய ரப்பர் கிழிந்திருந்தது. உதிரிபாகம் மட்டமானது என்று கடைக்காரரைக் குறைகூறினோம். அது வீண்பழி என்று உணர்த்தியவர் எங்கள் தெருவின் முதிய மெக்கானிக். அவர் கேட்டது ஒன்றுதான்: "பாய், போல்ட்டை முறுக்குறப்ப சக்கரம் தொங்கிச்சா, தரையில இருந்துச்சா?"

புஷ்ஷின் நடுவே ஓர் இரும்புக் குழல், சுற்றிலும் ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழல் அசையாது பிடிபடும். ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதையெல்லாம் ரப்பர்தான் முறுகிக்கொடுத்து ஏற்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அதுவே ரப்பரின் ஓய்வுநிலை ஆகிவிடும். வண்டியை இறக்கிய கணமே அது முறுகும். நாங்கள் உறங்கும் இரவிலும் முறுகியே கிடக்கும். பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுகும். எவ்வளவு நாள் தாங்கும்? பக்கத்து வீட்டு நெசவாளர் இதைக் கேட்டுச் சிரித்தார். "பாவைத் தறியில ஏத்தின பிறகுதானே இழுவை பார்ப்போம்?" என்றார்.

இம்முறை போல்ட்டைக் கையளவில் பூட்டி, முன்சக்கரங்களைக் கனத்த பலகைகளின்மேல் இறக்கினோம். பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, கைபிரேக்கும் போட்டோம். முன்புறத்தை நாலைந்து முறை அழுத்தி ஆட்டிவிட்டு, வண்டியின் பாரம் சக்கரத்தில் நிற்கும்போதே இறுக்கினோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் நுழையக்கூடாது என்பதை மெக்கானிக் மும்முறை சொன்னார்.

எவ்வளவு இறுக்குவது என்பதிலும் எங்கள் தோள்வலிமையைத்தான் நம்பியிருந்தோம். அரை மீட்டர் பிடியின் நுனியில் 10 கிலோ பாரம் தந்தால் ஏறத்தாழ 49 நியூட்டன் மீட்டர். அதே கை, ஒரு மீட்டர் குழாயைச் செருகினால் இரட்டிப்பாகும். ஸ்பானர் பிடித்தவருக்கு அது தெரியாது. ஆகவே டார்க் ரெஞ்சு இரவல் வாங்கி, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கே முறுக்கினோம். முன்பு மரையில் எண்ணெய் தடவியதும் தவறுதான். எண்ணெய் பட்டால் அதே அளவு முறுக்கிலும் போல்ட் கூடுதலாக இழுபடும். உள்ளே நைலான் வளையம் கொண்ட பழைய நட்டை மீண்டும் போடாமல் புதியது வாங்கினோம்.

முடிவில் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தோம். பெரியம்மாவின் அடுத்த வேலூர்ப் பயணத்தன்று, ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். கோடு விலகவில்லை.