நத்தம் சாலையில் நின்ற வண்டி

திண்டுக்கல்லுக்குப் புதிதாய் வருவோர் முதலிற் காண்பது, திண்டு போலச் சாய்ந்து கிடக்கும் அந்த ஒற்றைப் பாறையையும், அதன் தலைமீது 1605-ஆம் ஆண்டில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பிய கோட்டையையுமே. நகரவாசிகளாகிய நமக்கோ அப்பாறை பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். நத்தம் சாலையில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டால் வலப்புறம் சிறுமலை கூடவே வரும். சிறுமலைப் பிரிவைத் தாண்டியதும் மாந்தோப்புகளும் புளிய மரங்களும் தொடரும். ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கோபால்பட்டி. அங்கே நம் தமக்கையார் தனியே வாழ்கின்றார். நீரிழிவு நோயினர். மாதம் இருமுறை அவருக்கான இன்சுலின் மருந்தைப் பனிக்கட்டி இட்ட குடுவையில் வைத்து எடுத்துச் செல்வது நம் கடமை.

அதற்கு நமக்கு வாய்த்த ஊர்தி, தந்தையார் 1978-இல் வாங்கிய புல்லட். 1955 முதல் சென்னையிலே உருவாகத் தொடங்கிய அந்த இனத்து வண்டிகளில் ஒன்று. ‘விற்றுத் தொலையுங்கள்’ என்பது இல்லத்தரசியின் பல்லாண்டுக் கோரிக்கை. தந்தையார் கைபட்ட பொருள் என்று நாம் தட்டிக் கழித்து வந்தோம்.

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை, சாணார்பட்டியைத் தாண்டிச் சிறிது தூரத்தில், வண்டி திடீரென மூச்சு வாங்கியது. இரண்டு முறை விக்கிற்று. பிறகு அடங்கிவிட்டது. பின்னால் வந்த லாரி நீண்ட ஒலி எழுப்பிக்கொண்டே ஒரு முழ இடைவெளியில் நம்மைக் கடந்து போயிற்று. பின்னிருக்கையில் குடுவையை மடியில் ஏந்தியிருந்த துணைவியார் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைவிட ஏச்சு எவ்வளவோ மேல்! மர நிழலில் கால் மணி நேரம் நின்றபின் ஓர் உதையில் வண்டி உயிர் பெற்றது. கோபால்பட்டி வரை ஒரு தொல்லையும் இல்லை.

நகரில் நமக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக் ஒருவர் உண்டு. கதையைக் கேட்டதும், “ஐயா, சூடேறினால் கண்டென்சர் செத்துப் போகிறது, ஆறினால் பிழைத்துக்கொள்கிறது. வேறொன்றுமில்லை” என்றார். இது வெறும் ஊகமன்று. பழைய வண்டிகளில் மின்பொறியை உண்டாக்கும் பிளாட்டினம் பாயிண்ட்டுக்குத் துணையாக இருக்கும் அச்சிறு உருளை, உள்ளே பழுதடைந்தால் இவ்வாறுதான் நடந்துகொள்ளும். அவர் அதை மாற்றினார்; பாயிண்ட்டையும் மாற்றினார். இரு வாரம் கழித்து வண்டி மறுபடியும் நின்றது. காயிலையும் மாற்றினார். மூன்றாவது முறையும் நின்றபோது நாம் பொறுமையிழந்தோம். அவருடைய பட்டறையில், பிறர் கேட்க, “பொருளை மாற்றிப் பணம் பார்ப்பதுதான் தொழிலா?” என்று கேட்டுவிட்டோம். அவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை வாங்கிய கூலியை எண்ணி மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான்காம் முறை நின்றது சிறுமலைப் பிரிவுக்கு அருகில். அன்று புறப்படும்போதே நகரில் பெட்ரோல் தொட்டியை விளிம்பு வரை நிரப்பியிருந்தோம். பொழுது சாய்கின்றது, தமக்கையாரோ, “தம்பி, எங்கே இருக்கிறாய்?” என்று கைப்பேசியில் இருமுறை கேட்டாயிற்று. கேட்பாரில்லாத இடத்தில் மனிதன் சற்றே சிந்திக்கிறான் போலும்.

முதலில், வண்டி நின்ற விதம். மின்சாரம் அறுந்தால் விளக்கை அணைத்தாற்போல ஒரே கணத்தில் எஞ்சின் அடங்கும். பெட்ரோல் குறைந்தால்தான் விக்கி, இழுத்து, மெல்ல அடங்கும். நம் வண்டி விக்கிற்றன்றோ? அடுத்து, முகப்பிலுள்ள அம்மீட்டரைப் பார்த்தோம். கிக்கரை மெல்ல அழுத்தும்போதெல்லாம் முள் அசைந்தது. பாயிண்ட் வரை மின்சாரம் வருகிறது என்பதற்கு அது சான்று. பிளக்கைக் கழற்றினோம். பலமுறை உதைத்த பின்னும் அது உலர்ந்திருந்தது. பெட்ரோல் வந்து பொறி இல்லாதிருந்தால் பிளக் நனைந்திருக்கும். அப்படியானால் குறை தொட்டிக்கும் கார்ப்ரேட்டருக்கும் இடையில்.

கார்ப்ரேட்டர் முனையில் குழாயைக் கழற்றினோம். (எஞ்சின் ஆறிய பிறகே இதைச் செய்தல் வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த பெரியவரின் பீடியை அணைக்கச் செய்வதற்குள் நமக்கு வியர்த்துவிட்டது.) பெட்ரோல் நூல் போல ஒழுகி, நின்றுவிட்டது. நிரம்பிய தொட்டியிலிருந்து ஒழுக மறுக்கிறது!

அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. தொட்டி பாதியாக இருந்த நாளில் சாணார்பட்டி தாண்டி ஓடிய வண்டி, நிரம்பிய நாளில் சிறுமலைப் பிரிவிலேயே நின்றுவிட்டது. சூடுதான் காரணமென்றால் தொட்டியின் அளவால் இவ்வேறுபாடு வரலாமோ? பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அதன் இடத்தை நிரப்ப மேலிருந்து காற்று உட்புக வேண்டும். புகாவிடில் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோலை இறங்கவொட்டாமல் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டி நிறைந்திருக்கையில் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சமே. ஆதலால் சிறிது பெட்ரோல் இறங்கியதுமே அழுத்தம் விழுந்துவிடுகிறது. சிறிது நேரம் நிறுத்தினால் எப்படியோ இடுக்கு வழியே காற்று கசிந்து புகுகிறது, வண்டியும் பிழைத்துக்கொள்கிறது. கண்டென்சரின் குணமும் இதுவும் ஒன்று போலவே தோன்றுவதில் வியப்பென்ன?

தொட்டி மூடியைத் திறந்தோம். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டது. குழாயில் பெட்ரோல் தாராளமாய் ஓடிற்று. மூடியை இறுக்காமல் துணி சுற்றி மேலே வைத்துக் கோபால்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெட்ரோல் சிந்துமோ என்ற அச்சத்தில் மாட்டுவண்டி வேகந்தான். குடுவைக்குள் பனிக்கட்டி இன்னும் கரையாதிருந்தது.

அம்மூடி பழைய மூடியன்று. வீட்டு வாசலில் இருமுறை பெட்ரோல் களவு போனபின், பூட்டுள்ள மூடி ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தோம். சாவி சரியாய்த் திரும்பாததால் நம் சொந்த அறிவைக் கொண்டு அதில் தாராளமாய்க் கிரீஸ் அடைத்ததும் நினைவுக்கு வந்தது.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் வாழ்ந்துகொண்டு பூட்டைப் பற்றி அறியாதிருந்தோம்! 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது நம் திண்டுக்கல் பூட்டு. அலிகார் பூட்டுகள் மலிவாய் வந்து குவிந்தபின் கைவினைஞர் அருகிவிட்டனர்; ஆயினும் மாங்காய்ப் பூட்டைக் கையாலேயே அராவிச் செய்பவர் இன்றும் உள்ளனர். நாகல் நகரில் அத்தகைய முதியவர் ஒருவரிடம் மூடியைக் கொண்டு சென்றோம். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டே முகம் சுளித்தார். “பூட்டுக்கு எவனாவது கிரீஸ் போடுவானா? தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். பென்சில் கரித்தூள் இருந்தால் போதாதா?” மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊசியால் குத்தி, கறுத்த பசை ஒன்றை வெளியே எடுத்துக் காட்டினார். சாவித் துவாரத்தின் ஓரத்தில் குண்டூசித் தலையளவு மூச்சுத்துளை ஒன்று இருந்தது. அதைத்தான் நாம் அடைத்திருக்கிறோம். கூலி கேட்டதற்குத் தேநீர் போதுமென்றார்.

புதிய வண்டி வைத்திருப்போர் இதை வேறாகக் கொள்ள வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் கார்ப்ரேட்டர் ஏறக்குறைய மறைந்து, தொட்டிக்குள் இருக்கும் பம்பே பெட்ரோலைத் தள்ளுகிறது. அவற்றில், பக்கத்தாங்கி இறங்கியிருந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் தளர்ந்து, மேடு பள்ளத்தில் வண்டியை நிறுத்திவிடுவதும் உண்டு. நம் மருமகனின் வண்டிக்கு அப்படித்தான் ஆயிற்று. பழைய வண்டிக்காரர் இன்னொன்றையும் நினைவிற் கொள்க: இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலக்கின்றது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். நாம் குழாயை மாற்றிவிட்டோம்.

எஞ்சியிருந்தது பட்டறை. இரண்டு நாள் அவ்வழியே போகாமல் சுற்றிச் சென்றோம். மூன்றாம் நாள் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அன்று நம் பேச்சைக் கேட்டிருந்த அதே பையன்கள் நிற்கும்போதே, நடந்ததைச் சொன்னோம். மெக்கானிக் மூடியை வாங்கி, துளையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். மறுபுறம் காற்று வந்தது. “மூடியைத் திறந்து பார்க்க எனக்கும் தோன்றவில்லையே ஐயா” என்றார். மேசைமேல் அன்று அவர் வைத்த பணத்தை நீட்டினோம். கண்டென்சருக்கும் பாயிண்ட்டுக்கும் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு, காயிலைக் கழற்றித் தந்தால் அதன் விலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். வேண்டாம், அது வண்டியிலேயே இருக்கட்டும் என்றோம்.