பூட்டிய வீட்டில் பேட்டரி

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். இன்றைய தேதியில் ஐந்தில் பூட்டு தொங்குகிறது. 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. கலெக்டர் அலுவலகம் வேங்கிக்காலில் என்றானபின் இங்கே வயல்கள் எல்லாம் நகர்களாகிவிட்டன. வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் என்னைப்போல ரிட்டையர் ஆனவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். தீபம் முடிந்ததும் பெட்டியைக் கட்டினால் ஆறு மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள்.

கிளம்பும்போது எல்லாம் கவனமாகத்தான் செய்வார்கள். கேஸ் சிலிண்டரை மூடுவார்கள், தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்வார்கள், இடி மின்னலுக்குப் பயந்து மெயின் சுவிட்சையும் இறக்கிவிடுவார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியும் ஷெட்டில் நிற்கும் காரின் பேட்டரியும் மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது.

பக்கத்து வீட்டு வாத்தியார் தம்பதிக்கு மூன்று வருடத்துக்கு முன் இதுதான் நடந்தது. ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு ஜூலையில் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஆஸ்துமா. வீடு முழுக்க ஆறு மாதத் தூசு. வந்த இரண்டாம் நாள் இரவு மூச்சிரைப்பு, அதே நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நெபுலைசரை இன்வெர்ட்டரில் போட்டால், "கீ" என்று ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. காரும் ஸ்டார்ட் ஆகவில்லை. வாத்தியார் வந்து என் கதவைத் தட்டி, "சார், ஒரு ஆட்டோவுக்குச் சொல்லுங்க" என்றபோது மணி ஒன்றரை. நல்லவேளை, ஆட்டோ உடனே கிடைத்தது. அந்த அம்மா மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி காரணத்தைக் கண்டுபிடித்தான். மெயினை இறக்கியவர்கள் இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைக்கவில்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அது வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். ஒரு ஆம்பியர் என்று வைத்தாலும் நாளுக்கு 24 ஆம்பியர்-மணி. 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே வாரத்தில் காலி. கார் நின்றுகொண்டிருந்தாலும் அதன் கடிகாரமும் அலாரமும் மில்லிஆம்பியர் கணக்கில் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் என்றால் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஒன்றரை மாத ஆயுசு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். விஞ்ஞான பாடத்தில் காஸ்தோன் பிளாந்தே பெயர் வரும். 1859இல் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருளாகச் சுற்றி, நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கி, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரியை உண்டாக்கியவர். பிரெஞ்சில் அதற்கு 'அக்யுமுலாத்தர்' என்று பெயர், சேர்த்து வைப்பது என்று பொருள். தமிழ்ப் பாடநூலில் சேமக்கலம் என்றார்கள். சார்ஜ் இறங்க இறங்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டிப் படிகமாகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. வாத்தியார் வீட்டுப் பேட்டரி போனது இப்படித்தான். புதுசுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் ஆனது.

ஒன்றையும் இணைக்காமல் சும்மா வைத்தாலும் பேட்டரி தானாகவே இறங்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் ஊர் மே மாதத்தில் பூட்டிய அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரான்சில் சக்கரத்தின் மேல் வீடு மாதிரி 'காம்பிங் கார்' வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் அதை ஷெட்டில் நிறுத்திவிடுவார்கள். கரண்ட் இல்லாத ஷெட் என்றால் அவர்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே பயம் வேறு: குளிரில் பேட்டரி மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் இறங்கிய பேட்டரியின் திரவம் உறைந்து டப்பாவே பிளந்துவிடும்.

மறு வருடம் அவர்கள் கிளம்புமுன் வாத்தியாரும் நானும் அந்தத் தம்பியும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்ட் வாட்டரைக் குறியளவுக்கு நிரப்பினோம். இன்வெர்ட்டரை அணைத்து அதன் ஒயர்களைக் கழற்றினோம், கறுப்பு ஒயர் முதலில், சிவப்பு பிறகு. மாடியில் 20 வாட் சோலார் பேனல் ஒன்றைத் தெற்கு பார்த்துச் சற்றே சாய்த்துப் பொருத்தி, சிறிய சார்ஜ் கண்ட்ரோலர் வழியாகப் பேட்டரியில் சேர்த்தோம். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரியைத்தான் இணைக்க வேண்டும், பேனலை அதன் பிறகு. நடுவில் கண்ட்ரோலர் இல்லாவிட்டால் வெயில் நாளில் சார்ஜ் மிஞ்சித் தண்ணீர் வற்றிவிடும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் ஜன்னலின் மேல்கதவைத் திறந்தே வைத்தோம். ஒயரைக் குரங்குகள் இழுக்காதபடி பி.வி.சி. குழாயில் விட்டோம். மொத்தச் செலவு இரண்டாயிரத்துக்குள். காருக்கு நெகட்டிவ் ஒயரை மட்டும் கழற்றி, மாதம் ஒரு முறை நான் மாட்டி ஓட்டுவதாக ஏற்பாடு.

மாதம் ஒரு நாள் விடியற்காலையில், பேனலில் வெயில் விழுமுன், மல்டிமீட்டரோடு போவேன். 12.6க்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஆபத்து. காலண்டரின் பின்பக்கம் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். ஆபீஸ் பழக்கம், விடாது. ஆறு மாதமும் 12.6க்குக் கீழே இறங்கவே இல்லை. போகும்போதே பேனலின் தூசியைத் துடைத்து, தண்ணீர் மட்டத்தையும் பார்த்துவிடுவேன்.

அவர்கள் திரும்பிய வாரத்திலும் ஓர் இரவு கரண்ட் போனது. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன், அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. காலையில் அந்த அம்மா, "ராத்திரி மெஷின் ஓடுச்சுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுக் காபி கொடுத்தார்.

பேனல் வாங்க வசதிப்படாதவர்களும் இன்வெர்ட்டரை அணைத்து ஒயரைக் கழற்றுவதற்குக் காசு செலவில்லை. மாதம் ஒரு நாள் மட்டும் மெயினைப் போட்டு, ஒயரை மாட்டி சார்ஜ் ஏற்ற ஒரு ஆள் வேண்டும். ஊருக்குக் கிளம்புமுன் சாவியைக் கொடுக்க அப்படி ஒருவரைப் பார்த்து வையுங்கள். எங்கள் தெருவில் இப்போது மூன்று வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. அடுத்த தை மாதம் நாங்களும் பேரனைப் பார்க்கப் போகிறோம். நான்கு சாவியும் வாத்தியாரிடம் போகும்.