ஃபீனிக்ஸ் டு ஃபிளாக்ஸ்டாஃப்: மலையேறினால் மூச்சுமுட்டும் குட்டி டிரக்!

அரிசோனா என்றதும் கிராண்ட் கேன்யன்தான் நினைவுக்கு வரும். ஆனால், ரேடியோ கன்ட்ரோல் வண்டிப் பிரியர்களிடம் கேட்டால் ஃபீனிக்ஸ் என்பார்கள். நைட்ரோ எரிபொருளில் சீறும் குட்டி வண்டிகளுக்கான 'டர்ட் நைட்ரோ சேலஞ்ச்' பந்தயம் பல வருடங்களாக நடந்துவந்த பகுதி இது.

பக்கத்திலேயே இருக்கிறது சாண்ட்லர். சிப் தொழிற்சாலைகள் இருக்கும் ஊர் என்பதால் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே இருக்கும் என் சித்தப்பா, 2009-ல் மகனுக்காக ஒரு நைட்ரோ டிரக் வாங்கினார். மகன் இப்போது வேலைக்காக வேறு ஊரில். டிரக்கை ஃபிளாக்ஸ்டாஃபில் இருக்கும் நண்பரின் 11 வயது மகனுக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார். ஒரே கவலை, அந்த இன்ஜினுக்கு இப்போது உதிரிபாகம் கிடைப்பதில்லை. பிஸ்டன் தேய்ந்துவிட்டால் அது வெறும் ஷோகேஸ் பொம்மைதான்.

பெட்ரோல் அல்ல, மெத்தனால்!

இன்ஜினின் கொள்ளளவு வெறும் 3.5 சி.சி. ஆனால், நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டும். குடிப்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் பிஸ்டனைக் காப்பாற்றும். எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், தேய்மானம் தொடங்கும். இதை 'லீன்' என்கிறார்கள். எரிபொருள் அதிகமானால் 'ரிச்'. வண்டி திக்கித் திணறும், புகை தள்ளும். ஆனால், இன்ஜின் பிழைத்துக்கொள்ளும்.

நின்ற இடத்தில் நகர்ந்த டிரக்

பிப்ரவரி மாதக் காலை. ஃபீனிக்ஸ் புறநகரில் ஒரு செம்மண் மைதானம். ஸ்டார்ட் செய்ததும், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே டிரக் மெள்ள நகர ஆரம்பித்தது.

"இன்ஜின்ல கை வைக்காத. மொதல்ல கிளட்ச்சப் பாப்போம்" என்றார் சித்தப்பா.

ஐடில் வேகம் அதிகமாக இருந்தாலும் இப்படி நகரும். ஆனால், ஐடில் சரியாகவே இருந்தது. கிளட்ச்சைக் கழற்றினால், உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. பேரிங்கும் வறண்டிருந்தது. நல்லவேளை, இரண்டும் எங்கும் கிடைக்கும் அளவுகள். மாற்றியபின் பல்சக்கரங்களுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்துச் சுற்றினார். காகிதம் கிழியாமல், மடிப்பு மட்டும் விழுந்து வெளியே வந்தால் இடைவெளி சரி. கிழிந்தால் இறுக்கம். மடிப்பே விழாவிட்டால் தளர்வு, பற்கள் சீக்கிரம் உதிரும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். பாலைவனப் புழுதி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் பிஸ்டனை அறுத்துவிடும். ஸ்பாஞ்சைக் கழுவி, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டினார். அப்புறம்தான் டியூனிங்.

இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஹை ஸ்பீட் நீடில், பிறகு லோ ஸ்பீட் நீடில், கடைசியில் ஐடில். ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு சுற்றுதான். வலப்பக்கம் திருகினால் லீன், இடப்பக்கம் ரிச். முழு வேகத்தில் மெல்லிய நீலப்புகை வால்போல் வர வேண்டும். தெர்மாமீட்டரில் ஹெட் சூடு 110 டிகிரி செல்சியஸ். கச்சிதம்!

கள்ளியிலிருந்து பைனுக்கு

ஐ-17 நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டேகால் மணி நேரப் பயணம். கை விரித்து நிற்கும் சகுவாரோ கள்ளிகள் மெதுவாகக் காணாமல் போய், புல்வெளியும் அதற்கப்புறம் பாண்டரோசா பைன் காடும் வருகின்றன. ஃபீனிக்ஸின் உயரம் சுமார் 330 மீட்டர், ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 2,100 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போவதுபோலத்தான். காதடைக்கிறது, சிப்ஸ் பாக்கெட் உப்புகிறது.

அங்கே இறக்கியதும் டிரக் அடம்பிடித்தது. கொழகொழவென்று சத்தம், கனத்த புகை. ஐடிலில் இருபது விநாடிகூட நிற்கவில்லை. கெட்டுவிட்டதோ என்று அந்தப் பையனின் முகம் வாடிவிட்டது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. இங்க காத்துதான் கம்மி" என்றார் சித்தப்பா.

மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எரிபொருள் அதே அளவு வருகிறது, ஆக்சிஜன் போதவில்லை. அதனால் கலவை ரிச் ஆகிவிட்டது. பையன் கையிலேயே ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார். எட்டில் ஒன்று திருகல், ஒரு ஓட்டம். மறுபடி எட்டில் ஒன்று. லோ ஸ்பீடிலும் கொஞ்சம். பிறகு ஐடிலில் ஓடும்போது எரிபொருள் டியூபைக் கிள்ளிப் பார்க்கச் சொன்னார். இன்ஜின் லேசாக வேகமெடுத்து மூன்று விநாடியில் அணைந்தது. அதுதான் சரியான அளவு. உடனே அணைந்தால் லீன், ரொம்ப நேரம் இழுத்தால் ரிச்.

டிரக் சரளைக் கற்களைத் தெறிக்கவிட்டுப் பாய்ந்தபோது பையன் போட்ட சத்தம் பைன் காடு வரை கேட்டிருக்கும்!

இறங்கும்போதுதான் ஆபத்து

மலையேறினால் இன்ஜின் திணறும், அவ்வளவுதான். ஆனால், இதே டியூனிங்கோடு ஃபீனிக்ஸில் ஓட்டினால் அடர்த்தியான காற்றில் லீன் ஆகி, பத்தே நிமிடத்தில் பிஸ்டன் காலி. ஒரே ஊரிலும் இது நடக்கும். மதிய வெயிலில் டியூன் செய்த வண்டியை, மறுநாள் குளிர்ந்த காலையில் அப்படியே ஓட்டக் கூடாது.

நாளின் முடிவில் டேங்கைக் காலி செய்து, மிச்சத்தை எரித்துத் தீர்த்து, சில சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் விட்டார். மெத்தனால் ஈரத்தை இழுக்கும். அப்படியே வைத்தால் பேரிங் துருப்பிடிக்கும்.

கிளம்பும்முன் டிரக் பெட்டியின் மூடியில் டேப் ஒட்டி, பையனையே எழுதச் சொன்னார்: 'ஃபீனிக்ஸ் போனால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஹை ஸ்பீட் இரண்டு எட்டு இடப்பக்கம்.' எழுதிவிட்டு அவன் கேட்டான்: "லோ ஸ்பீடும் திறக்கணுமா அங்கிள்?"

சித்தப்பா சிரித்துவிட்டார். "இனிமே எனக்குக் கவலை இல்ல. அதையும் எழுதிக்கோ!"